லாயிட் போடாத டிக்

"அங்கிள், ஒரே ஒரு டிக்தானே! ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க."

போர்வைக்குள்ளிருந்து லாயிட் எழுந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். வெளிநாடு போய்வருகிறவர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி டாக்டர்களுக்கு நடந்த ஐந்து நாள் பயிற்சியில், நோயாளி வேடம் போடுவது அவர் வேலை. வந்த டாக்டர் ஒழுங்காக விசாரித்தாரா என்று தாளில் டிக் போடுவதும் அவர்தான்.

"முடியாதும்மா" என்றார்.

டாக்டர் வித்யாலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது. திங்கட்கிழமை பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கிளினிக்கில் சேர வேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வேலை கிடையாது.

"காய்ச்சல் எத்தனை நாள்னு கேட்டேன். தொண்டை, நெஞ்சு, வயிறு எல்லாம் பார்த்தேன். வைரல் ஃபீவர்னு மாத்திரை எழுதினேன். எதுல குறை?"

"போன மாசம் எங்க இருந்தீங்கன்னு கேக்கலையே. நான் ஆப்பிரிக்காவுல கானாவுக்குப் போயிட்டு வந்தவன். எனக்கு மலேரியா. நீ மாத்திரை குடுத்து அனுப்பிட்ட, நான் செத்துட்டேன்."

"லுங்கியும் மஃப்ளருமா நம்ம ஊர் காக்ஸ் டவுன் அங்கிள் மாதிரி படுத்திருந்தா, ஆப்பிரிக்கான்னு யாருக்குத் தோணும்? நீங்களாவது சொல்லியிருக்கலாமே!"

"அது முக்கியம்னு நோயாளிக்கு எப்படிம்மா தெரியும்?"

பயிற்சி நடத்தும் டாக்டர் ஜூடித் எட்டிப் பார்த்தார். "மத்ததெல்லாம் நல்லாப் பண்ணியிருக்கா, லாயிட். போனாப் போகுது, பாஸ் போட்டுடலாமே?"

லாயிட் தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். ஜூடித் அடுத்த அறையைப் பார்க்கப் போய்விட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் போலிருக்கிறதே! ஏதோ சர்ச் நாடகத்தில் நடிக்கிற ஆள், அதற்கே இவ்வளவு பிகுவா? வித்யாலட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு கேள்விக்காக இப்படிப் படுத்தறீங்களே அங்கிள்!"

"மத்தியானம் மறுபடி வாம்மா. நான் மறுபடி படுக்கறேன். கேளு, டிக் போடறேன்."

மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவரே மெல்லச் சொன்னார். "நோயல்னு ஒரு பையன். பீன்யாவுல ஃபிட்டர். கம்பெனி ஆறு மாசம் கானாவுக்கு அனுப்பியிருந்துது. கிறிஸ்துமஸுக்கு வந்தவனுக்கு நாலாம் நாள் காய்ச்சல். தெருமுனை டாக்டர்கிட்டதான் போனான். பொறந்ததுலேருந்து அவனுக்கு ஊசி போட்ட டாக்டர். நம்ம பையன், தினம் பீன்யா பஸ்ஸுல போறவன், இவன்கிட்ட என்ன கேக்கறதுன்னு மாத்திரை எழுதிக் குடுத்தார். அஞ்சு நாள்ல கல்லறைக்குத் தூக்கிட்டுப் போனோம்."

"ஐயோ! அவரெல்லாம் ஒரு டாக்டரா? வீட்டுல சும்மாவா விட்டாங்க?"

"யாரும் ஒரு வார்த்தை திட்டலை. 'உங்களால ஆனதைச் செஞ்சீங்க டாக்டர்'னு அவர் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. அதுக்கப்புறம் அவர் கிளினிக்கைத் திறக்கவே இல்லை."

லாயிட்டின் கண்கள் நிறைந்துவிட்டன. இத்தனை நேரம் இவரிடம் போய் மல்லுக்கு நின்றோமே என்று வித்யாலட்சுமி கூனிக் குறுகிப்போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுடுங்க அங்கிள். மத்தியானம் வர்றேன். நோயல்... உங்க பையனா?"

"இல்லம்மா" என்றார் லாயிட். "என் பேஷண்ட்."