வெடி கேட்டால் படுப்பவன்

குளிர்நாட்டுத் துறைமுக நகரான எஸ்பியர்க்குக்கு வடக்கே, அரச காட்டில் மான்களின் தொகையைக் குறைக்கும் வேட்டை நடக்கிறது. இலையுதிர்கால வெயில் ஊசியிலை மரங்களின் உச்சியிலேயே நின்றுவிட, அடியில் ஈர இருட்டு. மான்களை, துப்பாக்கியோடு காத்திருக்கும் துவக்குக்காரர் பக்கம் விரட்டும் ஆட்கள், செம்மஞ்சள் அங்கியோடு, மரங்களில் தடியால் தட்டிக் கத்திக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். அதில் இரண்டு பேர், ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்து மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிறவர்கள்: அல்பேட், தவேந்திரன். முதல் வெடி கேட்டதும் தவேந்திரன் குப்புற விழுந்து படுத்துவிடுகிறான். முகம் சேற்றில் புதைகிறது. இடுப்பளவு வளர்ந்து காய்ந்த பன்னச்செடி அவனது அங்கியை மூடிவிடுகிறது; மேலே செடி நடுங்குவது மட்டும் தெரிகிறது.

"எழும்படா விசரா! செடி ஆடுறதைப் பாத்து மான் எண்டு அடிக்கப்போறாங்கள்!" அல்பேட்டின் குரல் உடைகிறது.

"வெடி நிக்கட்டும் அண்ணை."

"இது ஊரில்லை. இஞ்ச படுத்தாத்தான்ரா சாவாய்!"

முன்னால் சுள்ளிகள் முறிகின்றன. பெரிய கொம்பன் மான் ஒன்று வரிசையை நோக்கியே திரும்பி ஓடி வருகிறது. மேட்டில் நிற்கும் வேட்டைக்காரக் கிழவர் ஒருவரின் துவக்கு அதன் பின்னாலேயே திரும்புகிறது. மான் பாய்ந்து கடக்கிறது. அந்த இடத்தில் தவேந்திரன் எழும்பி நிற்கிறான். தடி இல்லை. இரண்டு கைகளும் தலைக்கு மேலே, ஊரில் ஆமிக்காரன் முன்னால் நிற்கிறது போல, விரல்கள் விரிந்தபடி. கிழவர் துவக்கைத் தாழ்த்துகிறார். சிரித்துக்கொண்டு, பதிலுக்குத் தானும் கையை ஆட்டுகிறார். தவேந்திரன் கைகளை இறக்கவில்லை.