ஆடாத டிரைபாட்

ஆறு மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். என் மனைவி வெள்ளைத்தாய் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

அன்று அங்கே ரைஃபிள் கிளப்பில் மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் தேவதானம் தோப்பில் ஐந்து காட்டுப்பன்றிகள் தலைக்கு ஒரு குண்டில் விழுந்த கதை ஊருக்கே தெரியும். "தம்பிக்கு எதுக்குத் தேர்வு? சும்மா பேருக்கு அஞ்சு குண்டு சுடட்டும்" என்றார் கிளப் தலைவர் வைகுண்டராஜ்.

இருக்கிற பெயரைக் காப்பாற்ற வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துச் சுட்டேன். ஐந்தும் இலக்கு அட்டையைத் தொடாமல் பின்னாலிருந்த மண்மேட்டுக்குப் போயின.

"துக்கம்யா, கை நடுங்குது. அந்த டிரைபாட்டை எடுங்க!" என்றார் வைகுண்டராஜ்.

மூன்று காலையும் விரித்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்துக் கொடுத்தார்கள். துப்பாக்கி இம்மிகூட ஆடவில்லை. பக்கத்து ஆளின் அட்டையில் ஓட்டை விழுந்தது.

"பொண்டாட்டி மேல எம்புட்டுப் பாசம் பாருங்கய்யா!" வைகுண்டராஜ் கண்ணைத் துடைத்தார். "பேரை எழுதிக்கோங்க. போட்டிக்குள்ள தேறிருவாரு."

நான் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் வெள்ளைத்தாய் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நான் சுட்ட பன்னிக்கெல்லாம் நீங்க மாலை வாங்கினது போதும். இனிமே துப்பாக்கியத் தொட்டுராதீய."