தேதி இல்லாத நேர்காணல்

ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுத் தருவது என் வேலை. சான்றுப் பட்டியலில் தேதி விட்டுப்போனால் மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் விடமாட்டேன்.

இன்று திருத்திய பட்டியலில் பதினான்காவது சான்று ஒரு நேர்காணல். “தேதி எங்கே?” என்று சிவப்பு மையில் எழுதிய பிறகுதான் பெயரைப் படித்தேன். என் அக்காவின் பெயர். அவளோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தேன். பேசாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆறு வருடம் ஆகிறது.

மாணவியைக் கூப்பிட்டேன். “இவங்களை எப்பம்மா பார்த்தே?”

“தேதி போடாதே, அப்பத்தான் அவனே கூப்பிட்டுக் கேப்பான்னு சொன்னாங்க, சார்.”

பேனாவை மூடினேன்.

“கோவம் போயிடுச்சான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க.”