வெறும் குப்பி

அறிவுச்செல்வி குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"எட்டு மாசமாக் காத்திருந்தேன் மாயக்கா! விஷக்காளான்ல இருந்து எடுக்கிற மருந்து. செல்லுக்குள்ள இருக்கிற ஆக்டின்ங்கிற புரத இழையில ஒட்டி ஒளிரும். என் ஆராய்ச்சியே அதுலதான் நிக்குது. வெறும் குப்பிய அனுப்பிருக்கான் வெளிநாட்டுக் கம்பெனிக்காரன்!"

"திருப்பி அனுப்பிருங்கம்மா." ஆய்வகத்தைப் பெருக்கும் மாயக்காள் குப்பியை வாங்கிக் குழாயடிக்குப் போனாள்.

"அத எதுக்குக் கழுவுறீங்க?"

"அடுத்தவுக ஏனத்தக் கழுவாமக் குடுக்கலாமா?"

காரசாரமான கடிதத்தோடு குப்பி திண்டுக்கல்லிலிருந்து ஏர்மெயிலில் போனது.

நான்கு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. அதிலிருந்த கடிதத்தை அறிவுச்செல்வி பக்கத்து ஊர் தாடிக்கொம்பு வரைக்கும் கேட்கிற குரலில் படித்தாள்.

"'சோதித்தோம். குப்பி காலிதான். மன்னிக்கவும். பதிலுக்கு இரண்டு அனுப்பியுள்ளோம்.' பாத்தீங்களா, சண்டை போட்டாத்தான் வழிக்கு வாரான்!"

தாளைத் திருப்பினாள்.

'சென்ற முறை இந்தக் குறிப்பை வைக்க மறந்துவிட்டோம். மருந்து கண்ணுக்குத் தெரியாது. குப்பியின் அடியில் மெல்லிய படலமாகக் காய்ந்திருக்கும். மெத்தனால் விட்டுக் கரைக்கவும்.'

பார்சல் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். "மாயக்கா, அந்த ரெண்டு குப்பி எங்க?"

குழாயடியிலிருந்து குரல் வந்தது.

"இந்தத் தடவ ரெண்டுமே காலிம்மா. கழுவிக் கவுத்திட்டேன். நீங்க லெட்டர எழுதுங்க."