ஓமப் பொட்டலம்

“மெட்ராஸ்ல எப்பவும் வெயிலாத்தானே கீது, அப்புறம் இந்த வண்டிக்கு எதுக்கு நைனா ஹீட்டரு?”

ஒருநாள் இதே ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் நின்றுகொண்டுதான் அன்புக்கரசி அப்பனைக் கேட்டாள். ஊட்டியில் ஓடிய பழைய பிக்கப், அங்கத்திய குளிருக்கு வைத்தது என்று அசோகன் சொல்லியிருக்கலாம். “நீ பேசிப் பேசி வாய் வலிச்சா ஒத்தடம் குடுக்க” என்றான். மெக்கானிக் உபைத் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

இன்று அதே வண்டியின் டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துப் படுத்திருந்தான் உபைத். கேள்வி கேட்க அந்தப் பிள்ளை இல்லை.

மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், தண்ணீர் கேன் போடப் போன அசோகன் மகளையும் கூட்டிப்போனான். ஆழ்வார்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக்குக் கீழே வண்டியை நிறுத்தினான். ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளை, நனைந்து நடுங்கினாள். எஞ்சினை அணைக்காமல் ஹீட்டரைப் போட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேன்களோடு மாடி ஏறினான். கேன்காரர்களை அங்கே லிஃப்டில் விடமாட்டார்கள்.

இறங்கி வந்தபோது பிள்ளை தூங்குவதுபோல இருந்தாள்.

வண்டிப் புகை உள்ளே புகுந்து மூச்சை நிறுத்திவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். எப்படிப் புகுந்தது என்று சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று முதல் பிள்ளையின் தாய் சொர்ணம் புருஷனோடு பேசவில்லை. போன வாரம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்ற அசோகனை அக்கம்பக்கத்தார்தான் இழுத்துக் கீழே இறக்கினார்கள்.

இப்போது பட்டறை வாசலில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

“பிரிச்சுப் பாரு பாய். நான்தான் கொன்னேனான்னு சொல்லிடு.”

“வேற யாரு கொன்னது?” என்றாள் சொர்ணம், தெருவைப் பார்த்தபடி.

உபைத் கிளவ் பாக்ஸைக் கழற்றினான். திருகுகளை எடுத்து, ஹீட்டர் காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயர் மோட்டாரை வெளியே உருவினான். மோட்டாரில் குறையில்லை. போன வருஷம் அவனே பிரித்து, தேய்ந்த கார்பன் கட்டையை மாற்றியது. ப்ளோயர் பெட்டியைச் சுற்றி, எஞ்சின் பக்கத்துக் காற்றைத் தடுக்கும் ரப்பர் பட்டை மட்டும் சூட்டில் வெடித்திருந்தது. பழைய வண்டிகளில் பாதிக்கு அப்படித்தான் இருக்கும். வெளிக்காற்று தடையில்லாமல் வரும்வரை அதனால் ஒன்றும் ஆகாது.

எழுந்து வந்து பானட்டைத் தூக்கி நிறுத்தினான். முன் கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் வாய்க்குள் கையை விட்டான். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

புடவைத் துணியில் கட்டிய ஒரு பொட்டலம். மழையில் ஊறி, உப்பி, அந்த வாயை முழுக்க அடைத்திருந்தது.

மூக்கருகே கொண்டுபோனான். ஓமம், கற்பூரம்.

சளி பிடித்த பிள்ளையின் தலைமாட்டில் வைப்பது. காற்று இதன் வழியாக வரட்டும், பிள்ளைக்கு மூச்சு லேசாகட்டும் என்று தாய் நினைத்திருக்கிறாள். வெளிக்காற்று அடைபட்டதும் ப்ளோயர் ரப்பர் வெடிப்பின் வழியே எஞ்சின் பக்கத்துக் காற்றை இழுத்திருக்கிறது. புகைக்குழாயில் கசிந்த புகையும் அதோடு சேர்ந்து வந்திருக்கிறது.

பானட் மறைப்பில் உபைத் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றான். இதைக் காட்டினால் அசோகன் பிழைத்துக்கொள்வான்.

அவள்?

யா அல்லாஹ் என்று உதடு மட்டும் அசைந்தது. பொட்டலத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். மறுபடி உள்ளே குனிந்து, வெடித்த ரப்பர் பட்டையைச் சுற்றிலும் உரித்து, அதையும் மறைத்துக்கொண்டான். பிறகு இருவரையும் கூப்பிட்டான்.

“இங்க ஒரு ரப்பர் இருக்கணும்,” என்று வெறும் விளிம்பைத் தொட்டுக் காட்டினான். “கார்பன் மாத்தும்போது திருப்பி வெக்க மறந்துட்டேன். அந்த வழியாத்தான் புகை வந்துகீது. அவர் மேல தப்பில்லக்கா. நான் செஞ்சதுதான்.”

அசோகன் அறைந்தான். மறுபடியும் அறைந்தான். உபைத் தடுக்கக் கையைத் தூக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இனி கேன் வண்டிக்காரர்கள் ஒருவரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

சொர்ணம் அவனை அடிக்கவில்லை. கிட்டே வந்து முகத்தைப் பார்த்தாள்.

“வெள்ளத்துல உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்தப்போ, பொறந்த உன் புள்ளைய இந்த மாருலதானே போட்டுக்கினு இருந்தேன்? என் பொண்ணுக்குப் பாதி, உன் புள்ளைக்குப் பாதின்னு பால் குடுத்தேனே. அதுக்கா பாய் இது?”

உபைத்தின் சட்டைக்குள் பொட்டலத்தின் ஈரம் நெஞ்சில் பட்டது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பி, விம்மிக்கொண்டிருந்த புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வாய்யா, வூட்டுக்குப் போலாம்.”

பிள்ளை போன பிறகு அவள் அவனைத் தொட்டது அப்போதுதான்.

பக்கத்து வார்ப்படப் பட்டறையில் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். உலை மட்டும் கனன்றுகொண்டிருந்தது. சொன்ன பொய்க்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உபைத் பொட்டலத்தை நெருப்பில் போட்டான்.

ஈரத்துணி சீறிக் கருகியது. ஓமம் படபடவென்று வெடித்தது.

அந்த வாசனை முழுக்கப் போகும்வரை, யாரும் வந்துவிடாதபடி, வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.