வலிக்காத கை

பைக்கில் வித்தை காட்டி விழுந்த இசக்கிராஜாவின் முழங்கையை, பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் மாதிரி எலும்பு வைத்தியர் விரலால் இடம் இடமாக அமுக்கிப் பார்த்தார். "எங்கல வலிக்கு? கத்துனாத்தான ஒடிஞ்ச எடம் தெரியும்?" சுற்றிலும் கூட்டாளிகள் நின்றார்கள். எத்தனை அடி வாங்கினாலும் உதட்டோரம் சிரிக்கிற தன் சினிமா நாயகனை நினைத்துக்கொண்டு அவனும் அப்படியே சிரித்தான். "வலிக்கவே இல்ல, அண்ணாச்சி." "ஆம்பளைன்னா இப்படில்லா இருக்கணும்!" என்று ஒருவன் விசிலடித்தான். சுளுக்குதான் என்று வைத்தியர் எண்ணெய் தடவி அனுப்பிவிட்டார். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கோணலாகக் கூடிக்கொண்டது. நாயகனின் அடுத்த படம் வந்தது. திரையில் அவர் உடைந்த கையோடு சிரித்தபோது தியேட்டரே அதிர்ந்தது. இசக்கிராஜாவும் கைதட்ட எழுந்தான். எவ்வளவு முக்கியும் கோணிய கை திரும்பாமல், இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. "என்னல, படம் புடிக்கலயா?" என்றான், அன்றைக்கு விசிலடித்தவன்.