தலைக்கு மேலே ஒன்றரை அடி

"லேசர்னா நேரா கூட்டத்து மூஞ்சில அடிக்கணும்மா. வானத்துல அடிச்சா காக்காதான் பாக்கும்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

செம்பாக்கம் ஏரியை ஒட்டிய காலனியில் அவர்தான் நலச்சங்கச் செயலாளர். பொங்கல் விழாவுக்கு மேடை, மைக், இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வந்து இறங்கிவிட்டன. மேடை ஓரத்தில் லேசர் பெட்டிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த ஜஹீரா நிமிரவே இல்லை.

"வானத்துலயும் அடிக்க மாட்டேன் சார். மேல ஃபிளைட் போவுது. பைலட் கண்ணுல பட்டா உங்களையும் என்னையும் சேத்துதான் ஜீப்புல ஏத்துவாங்க."

"அப்ப எங்கதான் அடிப்பே?"

"அந்தத் தண்ணி டேங்க் மேல. மயில் வரும், கரும்பு வரும், பானை பொங்கி வழியும்."

"டேங்க்ல மயிலைப் பாக்கவா இத்தனை பேரைக் கூப்பிட்டேன்? கோவிலம்பாக்கத்துல ஒரு ரிசப்ஷன்ல கூட்டத்துக்குள்ளயே விட்டாங்களாம். ஜனங்க ஆடித் தீத்துட்டாங்களாம்."

"விட்டது நான்தான் சார். மாப்பிள்ளையோட சித்தப்பா கெஞ்சினாரேன்னு விட்டேன். ஒரு சின்னப் பொண்ணுக்குப் பத்து நாள் கண்ணுல கறுப்புப் புள்ளி. அப்புறம் சரியாயிடுச்சு. ஆனா அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கல. இனிமே ஒரு கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பெட்டியை ஏரியில போட்டுட்டு வேற பொழப்பு பாத்துக்கறேன்."

அனந்தகிருஷ்ணன் உதட்டைப் பிதுக்கினார். அடுத்தவர் கண் என்றால் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் தாராளம்தான்.

அப்போதுதான் தேவானந்தம் வந்து சேர்ந்தார். காலனிக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. லேசர் ஷோ அவருடைய உபயம். மற்றவர்கள் சுண்டல், கோலப்பொடி என்று கொடுக்க, இந்த மனுஷன் மட்டும் ஏன் லேசரைப் பிடித்தார் என்று யாருக்கும் புரியவில்லை. நல்ல மனசு என்று விட்டுவிட்டார்கள்.

"மேடம் சொல்றதுதான் சரி" என்றார் அவர். "கண்ணுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது சார்."

ஜஹீரா நிமிர்ந்தாள். இந்தத் தொழிலுக்கு வந்த நாலு வருஷத்தில், காசு கொடுக்கிற ஆள் ஒருத்தர் கண்ணைப் பற்றிப் பேசி அவள் கேட்டதே இல்லை. மாலை போடலாம் போல இருந்தது.

"ஆனா டேங்க் வேணாம் மேடம், சப்புன்னு இருக்கும். எல்லாரையும் உக்கார வெச்சிடுவோம். தலைக்கு மேல போகட்டும்." தேவானந்தம் முன்வரிசை நாற்காலியில் தானே உட்கார்ந்து கையை நேராகத் தூக்கிக் காட்டினார். "இதான் கணக்கு. தலையிலேர்ந்து ஒன்றரை அடி. இதுக்குக் கீழ ஒரு இன்ச் வந்தாலும் நானே கரண்ட்டைப் புடுங்கிடுவேன்."

"யாராவது எழுந்து நின்னா?"

"நீங்க சுவிட்ச்லயே கை வெச்சிருங்க. உடனே ஆஃப் பண்ணிடுங்க."

"குழந்தைங்களை யாரும் தோள்ல தூக்கக் கூடாது."

"மைக்லயே சொல்லிடறேன்."

மூஞ்சியில் அடி என்கிறவர் ஒருத்தர், இன்ச் கணக்குப் பார்க்கிறவர் ஒருத்தர். ஜஹீரா இரண்டாமவரை நம்பினாள்.

ஏழு மணிக்குத் தேவானந்தம் மைக்கைப் பிடித்தார். "யாரும் எழக் கூடாது. குழந்தைங்களைத் தோள்ல தூக்கக் கூடாது. லேசரை நேரா கண்ணால பாக்கவே கூடாது. செல்போனைத் தலைக்கு மேல நல்லா தூக்கிப் பிடிச்சு, அதுல பாருங்க. நல்ல வீடியோவுக்கு ஒரு குக்கர் பரிசு."

குக்கர் என்றதும் கழுத்து வலிக்காரர்கள்கூடக் கையைத் தூக்கினார்கள். ஜஹீராவும் விளம்பரத்துக்கு ஆகுமே என்று தன் போனை ஒரு நாற்காலி மேல் உயரமான ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தாள். பச்சைக் கதிர்கள் விசிறியாக விரிந்து தலைகளுக்கு மேலே போய் வந்தன. நடுவில் அனந்தகிருஷ்ணன் விசிலடிக்க எழுந்தார். ஜஹீரா பட்டென்று அணைத்தாள். மொத்தக் கூட்டமும் திட்டியதில் செயலாளர் உட்கார்ந்துவிட்டார்.

தேவானந்தம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று ரசித்தார். இருபது நிமிஷம். ஒரு கண்ணில்கூடப் படவில்லை. ஜஹீராவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அனந்தகிருஷ்ணன் போன் செய்தார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? என் போன்ல எதை போட்டோ எடுத்தாலும் குறுக்கால ஒரு பச்சைக் கோடு விழுது. என் பொண்ணு போன்லயும் அதே கோடு. காலனி பூராவும் இதே கதை. லேசர் பட்டு கேமரா போயிடுச்சாம்."

ஜஹீரா முதலில் கண்ணைத்தான் விசாரித்தாள். "கண்ணு எப்படி சார் இருக்கு?"

"கண்ணுக்கென்ன, அந்தக் கோடு நல்லா தெரியுது. கேம்ப் ரோட்டுல இன்னிக்கு ஒரு ரிப்பேர் கடை திறந்திருக்காங்க. எல்லாரும் இங்கதான் வரிசையில நிக்கறோம். நீயே வந்து ஒரு பதில் சொல்லு."

தன் போனில் கேமராவைத் திறந்து பார்த்தாள். கோடு இருந்தது. இத்தனை கண்ணைக் காப்பாற்றியவளுக்கு, போனுக்கும் ஒரு கண் இருக்கிறது என்று தோன்றவே இல்லை. தப்பு தன்னுடையதுதான், போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வண்டியை எடுத்தாள்.

கடை வாசலில் கட்டிய வாழைமரம்கூட இன்னும் வாடவில்லை. வரிசை பஸ் ஸ்டாப் வரை நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கல்லாவுக்குப் பின்னால் புத்தம் புதுக் கேமரா பாகங்கள் போன் மாடல் வாரியாகப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"வாங்க மேடம்" என்றார் தேவானந்தம். "கண்ணெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"